கூண்டின் அடி வரிசை

சுவரில் இருந்த படத்து மனிதனுக்கு முன்னால் எப்போதும் தரை காலியாகவே இருந்தது. மஞ்சள் தலைக்கவசம், நீலச் சட்டை, மடிந்த முழங்கால்கள், அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல நேரான முதுகு, கையில் ஓர் அட்டைப்பெட்டி. பக்கத்துப் படத்தில் அதே மனிதன் முதுகை வளைத்துக் குனிந்து தூக்குகிறான். அவன்மேல் சிவப்பில் பெரிய பெருக்கல் குறி. ஒரகடத்தில் இருந்த அந்தத் தொழிற்சாலையின் பெண்கள் அவனுக்குப் பெட்டியண்ணன் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"பாவம், எத்தினி வருசமா காலி பொட்டியவே தூக்கினு கீறான்" என்பார்கள், சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது.

நாலாவது லைனில் தரை காலியாக இல்லை. கியர்பெட்டி மூடிகள் அங்கே கம்பிக் கூண்டுகளில் வந்து இறங்கும். ஒவ்வொரு மூடியும் ஒன்பது கிலோ. கூண்டு இடுப்பளவு உயரம். மேல் வரிசைகளை யார் வேண்டுமானாலும் நின்றபடி எடுத்துவிடலாம். அடி வரிசைக்கு வரும்போதுதான் கூண்டின் விளிம்பில் தொடையைச் சாய்த்து, தலையை உள்ளே விட்டு, முதுகை வில்லாக வளைத்து எடுக்க வேண்டும். முழங்காலை மடக்கினால் அது கம்பியில் இடிக்கும். இது எல்லோருக்கும் தெரியும். தணிக்கைக்கு ஆள் வரும் நாளில் சூப்பர்வைசர் வேல்ராஜ் பாதி காலியான கூண்டுகளைப் பெயின்ட் ஷெட்டுக்குப் பின்னால் தள்ளிவைத்துவிட்டு, நிரம்பிய கூண்டுகளை மட்டும் லைனில் நிறுத்துவார். வருகிறவர்கள் நேரான முதுகுகளைப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவார்கள்.

அந்த லைனில் வேலை செய்த ஷீபாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது அப்படி ஓர் அடி வரிசையில்தான். அன்றைக்கு ஓவர்டைமில் மூன்றாவது மணி நேரம். மூடியைப் பிடித்தபடியே பக்கத்து ஆளுக்குப் பதில் சொல்லத் திரும்பினாள். இடுப்பில் யாரோ கதவைச் சாத்தியதுபோல இருந்தது. அதன்பிறகு இரண்டு ஆண்கள் வந்து அவளைத் தூக்கினார்கள். ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை, சதைப் பிடிப்பு, இரண்டு வாரம் ஓய்வு என்றார் டாக்டர். இரண்டு வாரத்தில் வலியும் போய்விட்டது.

ஆனால் பாதுகாப்பு அதிகாரி டெனிசன் அவள் கையில் ஒரு மஞ்சள் பட்டையைக் கட்டினார். லேசான வேலை என்று அதற்கு அர்த்தம். மூலையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஸ்டிக்கர் சுருள்கள். "இனிமே குனியவே கூடாது, சிஸ்டர். எதாவது கீழே விழுந்தா யாரையாவது கூப்பிடுங்க" என்றார். இருபத்தெட்டு வயசுக்காரர். நல்ல மனிதர். மைக் பிடித்தால் மட்டும் குரல் மாறிவிடும். சுங்குவார்சத்திரத்திலிருந்து தினமும் பைக்கில் வருகிறவர், சட்டைக்கு மேல் எப்போதும் முதுகுவலிக்குக் கட்டும் இடுப்புப் பெல்ட் போட்டிருப்பார்.

அவர் எழுதிய விபத்து அறிக்கையில் ஷீபா படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தாள். ஆங்கிலம் என்பதால் அல்ல. வலி அப்படி. வீட்டுக்கு வந்து நகலை எழுத்துக் கூட்டிப் படித்தபோது கடைசி வரி நெஞ்சில் நின்றது. தொழிலாளி தவறான முறையில் தூக்கியதே காரணம்.

நான்கு மாதம் அவள் குனியவில்லை.

கரண்டி விழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டாள். மகள் பாப்பாவின் ஷூவை மாட்ட அவளை மேசைமேல் உட்காரவைத்தாள். பேருந்தில் இருந்து இறங்கும்போது மரப்பலகை இறங்குவதுபோல இறங்கினாள். வலி இல்லை. வலி வரப்போகிறது என்ற எண்ணம் மட்டும் இருந்தது. அந்த எண்ணத்தைச் சுமப்பதற்கு ஒன்பது கிலோ மூடியே தேவலாம்.

பிள்ளைப்பாக்கத்தில் அவர்கள் குடியிருந்த வரிசை வீட்டில் தண்ணீர் நீல டிரம்மில் பிடித்துவைப்பார்கள். கணவன் ஜோயல், கம்பெனி வேன் ஓட்டுபவன், காலையில் கிளம்பும் முன் இரண்டு பக்கெட் மொண்டு வைத்துவிட்டுப் போவான். ஒருநாள் அவன் விடியற்காலை டிரிப்புக்கு ஓடியதில் மறந்துவிட்டான். டிரம்மின் அடியில் ஒரு சாண் தண்ணீர். குளியலறையில் பாப்பா தலையில் சோப்போடு நின்றுகொண்டு, "மா, கண்ணு எரியுது மா" என்று கத்துகிறாள்.

ஷீபா சொம்பை எடுத்தாள். யோசிக்கவில்லை. தலை, தோள், மார்பு எல்லாம் டிரம்முக்குள் போய்விட்டன. சொம்பு தண்ணீரைத் தொட்டபிறகுதான் தான் இருக்கும் நிலை அவளுக்கு உறைத்தது. அப்படியே நின்றாள். உள்ளே எல்லாம் நீலமாக இருந்தது. வெயில் பிளாஸ்டிக்கைத் துளைத்து வந்து தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் மூச்சு அவளுக்கே பெரிதாக, வேறு ஏதோ ஒரு பெரிய பிராணி மூச்சுவிடுவதுபோலக் கேட்டது. இடுப்பில் அந்தக் கதவு சாத்தப்படுவதற்காகக் காத்திருந்தாள். சாத்தப்படவில்லை. மெல்ல நிமிர்ந்தாள், சொம்பில் தண்ணீரோடு.

"மா! எரியுது!"

அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டாள். மாடிப்படியின் முதல் படியில் ஏறி நின்றாள். முகவாயை நெஞ்சில் பதித்து, கழுத்திலிருந்து தொடங்கி, முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவாக வளைத்துக் கீழே இறங்கினாள். விரல்கள் முழங்கால் வரைதான் போயின. அதே வழியில் ஒவ்வொரு கணுவாக மேலே வந்தாள். சிவப்புப் பெருக்கல் குறி போட்ட படத்தில் இருப்பதை அச்சு அசலாக, ஆனால் மிக மெதுவாக, வேண்டுமென்றே செய்தாள்.

இரண்டாவது வாரம் கையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். பிறகு ஒரு லிட்டர். பிறகு இரண்டு. ஒருநாள் ஆசைப்பட்டு இரண்டிலிருந்து ஐந்துக்குத் தாவினாள். மூன்று நாள் இடுப்பு இறுகிக் கிடந்தது. பயந்து விட்டுவிடுவாள் என்றுதான் ஜோயல் நினைத்தான். அவள் மறுபடி அரை லிட்டரிலிருந்து ஆரம்பித்தாள்.

"ஏய், இன்னாடி இது? டாக்டரு குனியாதன்னு சொன்னாருல்ல?"

"டாக்டரு ரெண்டு வாரம்னாரு. ஆயுசுக்கும்னது டெனிசன் சாரு."

"அவுரு அதுக்குன்னே படிச்சவரு."

"நான் அதுக்குன்னே பொறந்தவ. தொடப்பம் புடிக்க, துணி தொவைக்க, உன் புள்ளைய தூக்க. உன் வூட்டு டிரம்மு இன்னா நேரா நின்னா தண்ணி குடுக்குதா?"

ஜோயல் அன்றிலிருந்து டிரம்மில் மொண்டு வைப்பதை நிறுத்திக்கொண்டான். அதை ஆதரவு என்றுதான் ஷீபா எடுத்துக்கொண்டாள்.

குந்தி எழுவதையும் சேர்த்துக்கொண்டாள். கெண்டைக்காலில் பின்தொடை உட்காரும் வரை, முழங்கால் கால்விரல்களைத் தாண்டி முன்னே போகும் வரை. அதுவும் தடைதான். ஒரு பயிற்சி வகுப்பில் டெனிசன் மைக்கில், "முழங்கால் கால்விரலைத் தாண்டினால் மூட்டு தேயும்" என்று சொன்னபோது, பின்வரிசையிலிருந்து சுகப்பிரியா எழுந்தாள். சாத்தான்குளத்துப் பெண். "அப்பம் நம்ம கம்பெனி கக்கூஸ்ல எப்படி சார் உக்காரது? அதுக்கும் ஒரு படம் ஒட்டுங்களேன்" என்றாள். கூடம் இரண்டு நிமிடம் அடங்கவில்லை. டெனிசனும் சிரித்துவிட்டார். ஆனால் விதி விதியாகவே இருந்தது.

ஐந்து மாதத்தில் ஷீபா படியில் நின்றபடி பன்னிரண்டு கிலோவைப் பாதத்துக்குக் கீழே இறக்கி ஏற்றினாள். பாப்பாவைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் இடுப்புக்குத் தூக்கினாள். பேருந்தில் கடைசிப் படியைக் குதித்து இறங்கினாள். இதெல்லாம் வீட்டிலும் தெருவிலும். தொழிற்சாலையில் மட்டும் மஞ்சள் பட்டையும் ஸ்டிக்கர் சுருளும்.

பிறகு முப்பதாம் தேதி என்ற ஒன்று வந்தது. ஷீபாவைப் போன்ற ஒப்பந்தத் தொழிலாளர்களில் யாரை வைத்துக்கொள்வது என்ற பட்டியல் அன்று போடுவார்கள். பட்டை கட்டியவர் யாரும் அதில் வந்ததில்லை. யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை, ஆனால் முந்தின வருடம் பட்டை கட்டியிருந்த நான்கு பேரில் ஒருத்தியும் இப்போது இல்லை. பட்டையை அவிழ்க்க வேண்டும் என்றால் டெனிசன் ஒரு படிவத்தில் தகுதி என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக் காட்ட இருபத்தேழாம் தேதி பத்து மணிக்கு வரச்சொன்னார். ஷீபாவுக்கு அதில் பயம் எதுவும் இல்லை. அட்டைப்பெட்டிதானே? பெட்டியண்ணனைவிட அழகாகத் தூக்கிக் காட்டிவிடுவாள்.

இருபத்தாறாம் தேதிதான் சுகப்பிரியா அந்தக் காரியத்தைச் செய்தாள்.

ஒவ்வொருவரும் மாதம் ஒரு பாதுகாப்பு யோசனையைக் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும் என்பது ஏற்பாடு. போடாவிட்டால் பெயரைப் பலகையில் சிவப்பில் எழுதுவார்கள். பெரும்பாலும் எல்லோரும் பாதையில் கிடந்த ஏதாவது ஒரு போல்ட்டைப் படம் எடுத்துப் போடுவார்கள். ஒரே போல்ட் மூன்று பேருக்கு உதவியதும் உண்டு. சுகப்பிரியாவுக்கு அன்று போல்ட் கிடைக்கவில்லை. கேன்டீன் பின்புறப் படியில் ஷீபா தன்னிடம் மட்டும் எண்ணெய் கேனோடு குனிந்து நிமிர்ந்து காட்டியதை அவள் எப்போதோ ஆசையாக வீடியோ எடுத்து வைத்திருந்தாள். அதைப் போட்டு, "முதுகு பலமாக ஒரு நல்ல பயிற்சி" என்று கீழே எழுதிவிட்டாள். குழுவில் முந்நூறு பேர். டெனிசன்தான் அட்மின்.

"ஏட்டி, நான் நல்லதுக்குத்தானே போட்டேன்? உன்னய எல்லாரும் பாராட்டுவாவன்னு நெனச்சேன்" என்று அவள் மறுநாள் காலையில் அழாத குறையாகச் சொன்னாள்.

"பாராட்டுவாங்க, பாராட்டுவாங்க. மூணு நாள்ல மாலை போட்டு அனுப்புவாங்க" என்றாள் ஷீபா. ஆனால் கோபம் அவள்மேல் போகவில்லை. நல்லதாகத் தோன்றிய ஒன்றை நல்லது என்று எழுதியிருக்கிறாள். அந்தக் குழுவில் முதல்முறையாக ஒருத்தி உண்மையைப் போட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

டெனிசனின் அறையில் அட்டைப்பெட்டி தயாராகத் தரையில் இருந்தது. அவர் அதைக் காட்டவில்லை. கைபேசியை நீட்டினார்.

"சிஸ்டர், இது நீங்கதானே?"

"நான்தான் சார்."

"நான் எதைச் செய்யக்கூடாதுன்னு தினம் சொல்றேனோ, அதையே எடையோட செஞ்சிட்டிருக்கீங்க. நாளைக்கு மறுபடி பிடிச்சுக்கிட்டா யார் பொறுப்பு? நான் எப்படி தகுதின்னு எழுத முடியும்?"

கதவருகே வேல்ராஜ் நின்றிருந்தார். நாலாவது லைனில் அன்று இரண்டு பேர் வரவில்லை. "எதுனா ஒண்ணு சொல்லு சார். அங்க லைன் நிக்குது" என்றார்.

"சார்," என்றாள் ஷீபா. "இந்த அட்டப் பொட்டிய நான் அம்பது வாட்டி தூக்குறேன். முதுகு நட்டுக்கினு நிக்கும். அதப் பாத்துட்டு கையெழுத்து போட்டீங்கன்னா, நான் போயி எதத் தூக்குவேன்?"

டெனிசன் நிமிர்ந்து பார்த்தார்.

"கூண்டாண்ட வாங்க சார். நான் அங்க தூக்குறேன். புடிச்சிக்கிச்சுன்னா நானே எழுதிக் குடுத்துட்டு வூட்டுக்குப் போறேன்."

"அது முறை இல்ல, சிஸ்டர்."

"முறையான எடத்துல எனக்கு வேல குடுக்கலியே சார்."

வேல்ராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமி மறைத்துக்கொண்டார்.

மூன்று பேரும் நாலாவது லைனுக்குப் போனார்கள். போன தணிக்கைக்கு ஒதுக்கியதில் அடி வரிசை மட்டும் மிஞ்சிய ஒரு கூண்டை, பெயின்ட் ஷெட்டுக்குப் பின்னாலிருந்து ஷீபாவே தள்ளிக்கொண்டு வந்தாள். அதில் பதினாறு மூடிகள். லைனில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தொடையை விளிம்பில் சாய்த்தாள். முகவாய் நெஞ்சுக்கு வந்தது. கழுத்து, தோள், பிறகு ஒவ்வொரு கணுவாக. இரும்பின் எண்ணெய் வாசனை முகத்தில் அடித்தது. முதல் மூடியைப் பிடித்தபோது பழைய பயம் ஒருமுறை எட்டிப் பார்த்தது. அதை அவள் விரட்டவில்லை. அரை லிட்டர் பாட்டிலிலிருந்து அதோடுதானே கூடவே வந்திருக்கிறாள். தூக்கினாள். முதுகு மெல்ல விரிந்து நிமிர்ந்தது. காலை நகர்த்தித் திரும்பி மேசையில் வைத்தாள், இடுப்பை முறுக்காமல். இரண்டு. மூன்று. ஏழாவதில் வியர்வை கண்ணில் இறங்கியது. பதினாறாவது மூடியை வைத்தபோது மூச்சு வாங்கியது, ஆனால் பேச முடிந்தது.

"இப்ப நீங்க சார்."

"என்ன?"

"ஒண்ணே ஒண்ணு. படத்துல கீற மாதிரி எடுத்துக் காட்டுங்க. நான் கத்துக்கறேன்."

அதில் கேலி இருந்ததா என்று டெனிசனால் கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த கூண்டிலும் அடி வரிசை மட்டும் இருந்தது. அவர் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு அதன்முன் நின்றார். முழங்காலை மடக்கினார். முட்டி கம்பியில் இடித்தது. பின்னால் தள்ளி நின்று மடக்கினார். இப்போது கை எட்டவில்லை. பக்கவாட்டில் நின்று பார்த்தார். ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார். யாரோ, "சாரு கூண்டுக்குள்ள எறங்கினாத்தான் ஆவும்" என்றார்கள். கடைசியில் அவர் அக்கம்பக்கம் பார்க்காமல், முதுகை வளைத்துக் குனிந்து மூடியைத் தொட்டார். பாதி தூக்கியதும் முகம் கோணியது. கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்றார்.

யாரும் சிரிக்கவில்லை. ஷீபாவும்தான். அந்த முகம் அவளுக்குத் தெரிந்த முகம்.

அறைக்குத் திரும்பியதும் அவர் படிவத்தை எடுத்தார். பெயர், எண், தேதி. பிறகு அதிலிருந்த கேள்வி: தூக்கும்போது முதுகு நேராக இருந்ததா? ஆம், இல்லை. அவர் பேனா ஆம் பக்கம் போனது.

"இல்லன்னு போடுங்க சார்."

"சிஸ்டர், நான் உங்களுக்கு நல்லதுதான் பண்றேன். ஆம்னு போட்டா இன்னிக்கே பட்டையை அவிழ்த்துடலாம். இல்லைன்னு போட்டு தகுதின்னு எழுதினா மேலே அனுப்பிக் கேள்வி கேப்பாங்க. முப்பதாம் தேதிக்குள்ள வருமோ வராதோ."

வேல்ராஜ் பொறுமை இழந்தார். "அட இன்னாம்மா நீ! எல்லாரும் அப்டித்தான் போடறாங்க. சார் போடறன்னும்போது வாயை மூடினு போவியா!"

ஷீபா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வேலை போனால் என்னவாகும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. வாடகை, பாப்பாவின் பள்ளி, ஜோயலின் முகம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஆனாலும் சொன்னாள்.

"போன வாட்டி நான் படிக்காம கையெழுத்து போட்டேன் சார். தவறான முறையில தூக்கினேன்னு எழுதியிருந்தீங்க. கூண்டுல வேற முறையே கிடையாது. இப்ப நீங்களே பாத்தீங்க. இன்னிக்கி முதுகு நேரா இருந்துச்சுன்னு எழுதிட்டா, நாளைக்கி இங்க எவளுக்கு புடிச்சிக்கினாலும் தப்பு அவளோடதுதான். ஷீபா நேராத்தான தூக்கினா, உனக்கு இன்னான்னு கேப்பீங்க. நான் வளைஞ்சுதான் தூக்கினேன். வளையறதுக்குத்தான் அஞ்சு மாசம் ஒடம்ப பழக்கினேன். அத மறைக்கணும்னா எனக்கு இந்த வேலையே வாணாம்."

டெனிசன் பேனாவை ஆம் பக்கத்திலிருந்து எடுத்தார். பிறகு இல்லை என்பதை வட்டமிட்டார். தகுதி என்று எழுதினார். கீழே குறிப்பு என்ற இடத்தில், கூண்டின் உயரத்தால் முதுகை வளைக்காமல் அடி வரிசையை எடுக்க இயலாது, நானே முயன்று பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

இருபத்தெட்டும் இருபத்தொன்பதும் பதில் இல்லை. ஷீபா ஸ்டிக்கர் ஒட்டினாள். சுகப்பிரியா அவள் முகத்தைப் பார்க்கவே பயந்து வேறு வழியாகச் சாப்பிடப் போனாள். ஜோயல் இரவில், "ஒரு வட்டம்தானடி, போட விட்டிருக்கலாமே" என்று ஒரே ஒரு முறை சொன்னான். அவள் பாப்பாவைத் தரையிலிருந்து தூக்கிக் கட்டிலில் போட்டாள்.

முப்பதாம் தேதி மதியம் வேல்ராஜ் அவள் மேசைக்கு வந்தார். கையில் அந்தப் படிவம். மேனேஜர் கையெழுத்து விழுந்திருந்தது. வட்டம் இல்லை என்பதிலேயே இருந்தது.

"உன் பேரு லிஸ்ட்ல கீது. மேல ரெண்டு நாளா அடிச்சிக்கினாங்களாம். டெனிசன் சாரு மாத்தி எழுத மாட்டேன்னுட்டாரு. இத திருப்பி அனுப்புனா கூண்டு விசயம் பேசணும், அதுக்கு இது பரவால்லன்னு விட்டுட்டாங்க. அடில ஒரு லைன் கீது பாரு, அதுல ஒரு கையெழுத்து."

ஷீபா படித்தாள். முழுவதையும், மெதுவாக, எழுத்துக் கூட்டி. அடியில் புதிதாக டைப் அடித்து ஒட்டியிருந்தார்கள். இனி முதுகில் ஏற்படும் எந்த வலிக்கும் தொழிலாளியே பொறுப்பு.

பேனாவைக் கேட்டு வாங்கினாள். அந்த வரியின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள், நேராக. அதற்கு மேலே கையெழுத்துப் போட்டாள்.

"ஏய்! அடிச்சிட்டுப் போட்டா செல்லாதும்மா!"

"மேல கீறதுக்கெல்லாம் நான் ஒத்துக்கினேன் சார். அந்த லைனுக்கு ஒத்துக்கல. செல்லாதுன்னா சொல்லி அனுப்புங்க, நான் லைன்லதான் இருப்பேன்."

மணி இரண்டாகியிருந்தது. இரண்டாம் ஷிப்டுக்கும் ஆள் குறைவு. நாலாவது லைனில் யாரோ வேல்ராஜின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"போ, போ. நின்னு பேசாத" என்றார்.

ஷீபா மஞ்சள் பட்டையை அவிழ்த்து ஸ்டிக்கர் சுருளின்மேல் வைத்துவிட்டு நடந்தாள். லைனில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். கூண்டில் அடி வரிசை மட்டும் மிச்சமிருந்தது, மற்றவர்கள் ஒருவருக்கொருவர் தள்ளிவிட்டு வைத்திருந்தது. அவள் விளிம்பில் தொடையைச் சாய்த்து, முகவாயை நெஞ்சில் பதித்து, எல்லோரும் பார்க்க உள்ளே குனிந்தாள்.